விளாவிய தண்ணீர்

முதலில் மீன் குழம்பு நாறியது. கடலூரில் பிறந்து வளர்ந்தவளுக்கு மீன் குழம்பு நாறினால் அது நோய் என்று அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எட்டாம் மாதம். மசக்கையெல்லாம் எப்போதோ முடிந்திருந்தது. அம்மா சங்கரா மீன் வாங்கிவந்து குழம்பு வைத்திருந்தாள். தட்டை முன்னால் வைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினேன்.

அடுத்து சிறுநீர் கடலை எண்ணெய் நிறத்தில் போனது. "ஒடம்பு சூடுடி. வெயில் ஜாஸ்தி" என்றாள் அம்மா. அதற்கடுத்து உள்ளங்கை அரிக்க ஆரம்பித்தது. வளைகாப்பில் அடுக்கிய கண்ணாடி வளையல்கள் கையில் இருந்தன. சொறியும்போதெல்லாம் அவை குலுங்கின. அந்தச் சத்தத்தைக் கேட்டு அப்பா சிரிப்பார்.

நானும் என் கணவர் பாஸ்கரும் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறோம். ஆராய்ச்சி மாணவர்களின் தீசிஸ் பைண்டிங் எங்களுக்கு முக்கிய வேலை. வளைகாப்பு முடிந்ததும் முறைப்படி என்னை அம்மா வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பதில் எங்கள் சாதிசனத்தில் யாருக்கும் இரண்டாவது கருத்து கிடையாது. எனக்கும் இல்லை. கடையில் நின்று நின்று கால் வீங்கியிருந்தது. அம்மா கையால் சாப்பிட்டுப் படுத்துக் கிடக்க ஆசையாக இருந்தது.

கிளம்பும்போது பாஸ்கர் ஒன்றுதான் சொன்னார். "அங்க தண்ணிய மட்டும் பாத்துக்க. கேன் வாங்கிக்கச் சொல்லு." அம்மாவிடம் சொன்னேன். "கேன் தண்ணி சப்புனு இருக்கும், சளி புடிக்கும். நான் சீரகம் போட்டுக் காய்ச்சித் தரேன்" என்றாள். சொன்னபடியே தினமும் காய்ச்சினாள். அதற்கென்றே ஒரு எவர்சில்வர் தவலை. தளதளவென்று கொதிக்கும் வரை அடுப்பை விட்டு நகர மாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்கர் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே என் முகத்தைப் பார்த்துவிட்டு, வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போய்க் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். சுத்தப் பொய். எனக்கு எல்லாம் அதனதன் நிறத்தில்தான் தெரிந்தன. நான்தான் மற்றவர்கள் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிந்தேன்.

குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒருவர் காமாலைக்குப் பச்சிலை கொடுப்பதாகவும், மறுநாள் காலையில் வெறும் வயிற்றோடு கூட்டிப் போகலாம் என்றும் அப்பா சொன்னார். எங்கள் பக்கத்தில் காமாலை என்றால் முதலில் அதுதான், ஆஸ்பத்திரி அப்புறம். பாஸ்கர் மாமனார் முன்னால் குரல் உயர்த்தாதவர். அன்று, "இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போறோம் மாமா" என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போன் செய்தார். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது வயிற்றில் பிள்ளையோடு கண் மஞ்சளானால், தயவுசெய்து மறுநாள் காலை வரை காத்திருக்காதீர்கள். எனக்கு அன்றே போனதுகூடத் தாமதம் என்று பிறகு தெரிந்தது.

சிதம்பரத்தில் சேர்த்தார்கள். கடைக்குப் பக்கம், பாஸ்கர் வந்து போக வசதி என்று. பரிசோதனையில் பிலிருபின் (ரத்தத்தில் சேரும் மஞ்சள் நிறமி, நல்ல கல்லீரல் அதை வெளியே தள்ளிவிடும்) பல மடங்கு ஏறியிருந்தது. ரத்தம் உறையும் நேரமும் நீண்டிருந்தது. மறுநாள் ரிசல்ட் வந்தது. ஹெபடைட்டிஸ் ஈ (கல்லீரலை வீங்க வைக்கும் ஒரு வைரஸ், மலம் கலந்த தண்ணீர் வழியாகப் பரவுவது).

டாக்டர் அம்மாவுக்கு என் அம்மா வயதிருக்கும். சுற்றி வளைக்கத் தெரியாதவர். "மத்தவங்களுக்கு இது வந்தா கொஞ்ச நாள் படுத்து எந்திரிச்சிடுவாங்க. மாசமா இருக்கும்போது, அதுவும் கடைசி மாசங்கள்ல வந்தா ஆபத்து. உங்களுக்கும் ஆபத்து, கொழந்தைக்கும் ஆபத்து. இதுக்குன்னு தனி மருந்து கிடையாது. லிவர் கைவிடாம பாத்துக்கணும், அவ்ளோதான்."

"கொழந்த இப்ப எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன்.

"இருக்கு. துடிப்பு கேக்குது" என்றார். "என்ன தண்ணி குடிச்சீங்க?"

"காய்ச்சின தண்ணிதான் டாக்டர். அம்மா தெனமும் காய்ச்சிக் குடுப்பாங்க."

அவர் புருவம் சுருங்கியது. "வெளிய எங்கயாவது ஜூஸ், பானிபூரி?" இல்லை என்றேன். பொய் சொல்கிறேன் என்றுதான் நினைத்திருப்பார். கர்ப்பிணிகள் பானிபூரி விஷயத்தில் உண்மை பேச மாட்டார்கள் என்று அவருக்கு அனுபவம் இருந்திருக்கும்.

பிள்ளைத்தாய்ச்சியை ஒரே பயத்தில் வைத்திருக்க ஆஸ்பத்திரியைப் போல ஓர் இடம் கிடையாது. நர்ஸ் வந்து வயிற்றில் கருவியை வைப்பாள். அந்தத் துடிப்பு கேட்கும் வரை நான் மூச்சு விட மாட்டேன். கேட்டதும் விடுவேன். அவள் போனதும் அடுத்த முறைக்காகக் காத்திருக்கத் தொடங்குவேன். கை வீங்கியதால் வளையல்களைச் சோப்பு போட்டுக் கழற்றினார்கள். கழன்று வராததை உடைத்தார்கள். அம்மா துண்டுகளைப் பொறுக்கித் தாளில் மடித்து வைத்துக்கொண்டாள். பிரசவத்துக்கு முன் வளையல் உடையக் கூடாதாம்.

பிறகு ஒரு பிற்பகல், தாகமாக இருக்கிறது என்றேன். அம்மா கேன்டீனில் பிளாஸ்க் நிறைய வெந்நீர் வாங்கி வந்திருந்தாள். டம்ளரில் பாதி ஊற்றினாள். ஆவி பறந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்த பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துத் திறந்து, அதிலிருந்து மீதிப் பாதியை ஊற்றினாள். விரலால் டம்ளரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இந்தா, குடிக்கிற பதமா இருக்கு" என்று நீட்டினாள்.

"அது என்ன தண்ணி?"

"நம்ம வீட்டுத் தண்ணிதான். புடிச்சிட்டு வந்தேன். ஊர்த் தண்ணி மாறுனா ஒத்துக்காது."

"காய்ச்சினதா?"

"இது பச்சத்தண்ணி. வெளாவுறதுக்குதான?"

விளாவுதல் என்றால் என்ன என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கொதித்த நீரில் பச்சைத் தண்ணீரை ஊற்றி உடம்புக்குத் தாங்கும்படி செய்வது. குளிக்க விளாவுவோம். எங்கள் வீட்டில் குடிக்கவும் விளாவினோம். வீட்டில் இருந்த அத்தனை நாளும், தவலையில் தளதளவென்று கொதித்த சீரகத் தண்ணீரில் குடத்துத் தண்ணீரை ஒரு சொம்பு ஊற்றி, நாக்கு பொத்துப்போகாத பதத்துக்குக் கொண்டுவந்துதான் அம்மா எனக்குக் கொடுத்தாள். நானும் வாங்கிக் குடித்தேன். காய்ச்சின தண்ணீர் குடிக்கிறேன் என்று டாக்டரிடம் கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தேன். எனக்கும் சரி, அம்மாவுக்கும் சரி, அது பொய்யாகத் தெரியவில்லை.

டாக்டர் மாலை வந்தபோது அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னேன். "காய்ச்சின தண்ணியில பச்சத்தண்ணி ஊத்திக் குடுத்திருக்காங்க டாக்டர்."

டாக்டர் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. "பாதி வீட்ல இப்பிடித்தான் பண்றாங்க. காய்ச்சினது தானா ஆறணும்மா" என்றார். அவர் சத்தம் போடவில்லை. அவர் போன பிறகு நான்தான் போட்டேன். "நீதான்மா குடுத்த. ஒங்கையாலதான் குடுத்த." பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா டம்ளரை எடுத்துப் போய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்து, கட்டிலுக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

கைக்கெட்டிய தூரத்தில் அவள் இருந்தாள். அதனால் அவள் மேல் கோபப்பட்டேன். தண்ணீரைக் கெடுத்தவர்கள் யாரும் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கவில்லை.

துடிப்பு ஒரு விடியற்காலையில் கேட்கவில்லை. நர்ஸ் கருவியை மேலே வைத்தாள், கீழே வைத்தாள், ஓரத்தில் வைத்தாள். வேறொரு நர்ஸைக் கூப்பிட்டாள். டாக்டர் ஸ்கேன் வைத்துப் பார்த்துவிட்டு என் நெற்றியில் கை வைத்தார். எனக்குப் புரிந்துவிட்டது. அழவில்லை. "எடுத்துடுங்க" என்றேன். எடுக்க முடியாது, ரத்தம் உறையாத நிலையில் கத்தி வைக்க முடியாது, நானேதான் பெற வேண்டும் என்றார்கள். பிளாஸ்மா (ரத்தம் உறைய உதவும் மஞ்சள் நிறத் திரவப் பகுதி) ஏற்றிக்கொண்டே வலி வரவழைத்தார்கள். முழுப் பிரசவ வலியும் பட்டேன். ஆண் குழந்தை. தலை நிறைய முடி. பாஸ்கரின் காது.

அவனைப் பாஸ்கரும் அப்பாவும் எடுத்துப் போனார்கள். எங்கே புதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

அதன் பிறகு இரண்டொரு நாளில் எனக்குப் பால் கட்டியது. பிள்ளை இல்லை என்று மார்புக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கல்லாக இறுகி, நைட்டி நனைந்தது. பால் வற்ற மாத்திரை கொடுத்தார்கள். அது போதாதென்று அம்மா மல்லிகைப் பூ வாங்கி வந்து, மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள். எங்கள் ஊரில் பால் மறக்க வைக்கிற வழி அது. நான் திட்டிய பிறகு அவள் கை என் மேல் பட்டது அப்போதுதான். பூ வாடி, பாலோடு சேர்ந்து புளித்த வாடை அடித்தது. அம்மா பூவை மாற்றினாள், மறுபடி மாற்றினாள். இன்று வரை நான் மல்லிகை வைப்பதில்லை. கேட்பவர்களிடம் தலைவலி என்று சொல்லிவிடுகிறேன்.

கல்லீரல் விசித்திரமான உறுப்பு. செத்துப்போகிற அளவுக்குப் போய்விட்டு, ஒன்றுமே நடக்காதது போலத் திரும்பி வந்துவிடும். வாரம் தோறும் ரத்தம் எடுத்தார்கள். பிலிருபின் இறங்கியது. அரிப்பு நின்றது. பசித்தது. பசித்ததற்காக வெட்கப்பட்டேன். மோர் சாதமும் வேகவைத்த காயும் தின்று உடம்பு தேறியது. கடைசியாகப் போனபோது டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து, "எல்லாம் நார்மல்" என்றார். "உங்க ஒடம்புல இப்ப எதிர்ப்புச் சக்தி வந்திருக்கு. இந்த நோய் திரும்ப வர்றதுக்குப் பெரும்பாலும் வாய்ப்பில்ல. அடுத்த கொழந்தைக்குத் தைரியமா யோசிக்கலாம்."

அதாவது, என் உடம்பு என் தெருத் தண்ணீரைக் குடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு ஃபீஸ் கட்டியது என் மகன்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே காரணம்தான் சொன்னார்கள். "எல்லாம் செம்மங்குப்பம் கம்பெனிங்களாலதான்." அப்பாவும் அதையே சொன்னார். ஊருக்கு வெளியே இருக்கும் அந்தக் கெமிக்கல் கம்பெனிகளைத் திட்டினால் மனசுக்குச் சுகமாக இருக்கும், எனக்கும் ஆசைதான். ஆனால் என்னை வீழ்த்தியது கெமிக்கல் இல்லை. மலம். எங்கள் தெரு ஆட்களின் மலம். அதற்குக் காரணம் தேடி ஊருக்கு வெளியே போக வேண்டியதில்லை, வாசலில் குனிந்து பார்த்தால் போதும்.

எங்கள் தெருவில் குழாய் தரைக்கு மேலே கிடையாது. அழுத்தம் போதாமல் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருகிறது என்று ஆளாளுக்கு வாசலில் குழி தோண்டி, குழாயை அதற்குள் இறக்கிவிட்டார்கள். குழி சாக்கடையை ஒட்டி இருக்கிறது. பிறகு குழியிலும் வரவில்லை என்று மோட்டாரைக் குழாயிலேயே மாட்டி உறிஞ்ச ஆரம்பித்தார்கள். ஒரு வீடு போட்டது, பக்கத்து வீட்டுக்கு வரவில்லை, அவர்களும் போட்டார்கள். இப்போது தெரு முழுக்க மோட்டார். எனக்கு வந்த நோயைக் கேள்விப்பட்டு ஒரு சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்தார். மோட்டார் இழுக்கும்போது லைனில் தண்ணீர் இல்லையென்றால், விரிசல் வழியாகச் சுற்றி இருப்பதை இழுக்கும் என்று சொன்னார். சுற்றி இருப்பது சாக்கடை. பிளீச்சிங் பவுடர் பாக்கெட் கொடுத்தார், மோட்டாரை எடுக்கச் சொன்னார், போய்விட்டார். ஒருவர் வீட்டிலும் எடுக்கவில்லை.

அப்பா எடுத்தார். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், ஸ்பேனர் பிடிக்கத் தெரியும். தானே கழற்றி மூட்டை கட்டிப் பரணில் போட்டார். "எம் பேரன முழுங்கினது போதும்" என்றார். அந்த வாரம் தண்ணீர் விட்ட நாளில் எங்கள் குழாயில் காற்று மட்டும் வந்தது. இரண்டு பக்கமும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த முறையும் காற்றுதான். அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குப் போய் வந்தாள். அங்கேயும் மோட்டாரில் பிடித்த தண்ணீர்தான். ஊரோடு ஒத்து வாழ் என்கிறார்கள். எங்கள் ஊரில் ஒத்து வாழாவிட்டால் வாழவே முடியாது. அப்பா பரணில் ஏறி மோட்டாரை இறக்கி மறுபடி மாட்டினார்.

சில மாதம் கழித்து ஊருக்குப் போயிருந்தேன். எதிர்வீட்டு வசந்தா அத்தையின் மகள் பவித்ரா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். கை நிறைய வளையல். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடப் போடாமல் தெருவைக் கடந்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் வசந்தா அத்தை வந்து அவளை உள்ளே கூட்டிப் போனார். கதவைச் சாத்தவில்லை, அவ்வளவு மோசமானவர் இல்லை. ஆனால் "அவளுக்கு அசதியா இருக்கு, அப்பறம் வாம்மா" என்றார். பிள்ளையைப் பறிகொடுத்தவள் பிள்ளைத்தாய்ச்சி எதிரில் நிற்கக் கூடாது. எனக்கும் தெரிந்த சாத்திரம்தான்.

திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள், முந்தானையில் கையைத் துடைத்தாள், எதிர்வீட்டுக்குப் போனாள். ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது.

"வசந்தா, ஒம்பொண்ணுக்குத் தண்ணி எப்பிடிக் குடுக்குற?"

"காய்ச்சிதான்க்கா குடுக்கறேன்."

"காய்ச்சிட்டு வெளாவுறியா?"

"சூடா எப்பிடிக்கா குடிப்பா?"

"நானும் அப்பிடித்தான் குடுத்தேன். ஒரு வேள விடாம நானே வெளாவிக் குடுத்தேன். அதுலதான் போச்சு. நீ வெளாவாத. தானா ஆறட்டும், அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்கட்டும். தாகத்துல யாரும் சாவ மாட்டாங்க."

அம்மா திரும்பி வந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். கேட்டுக்கொண்டார்களா என்று கேட்டேன். "கேட்டுக்கிட்டாங்க" என்றாள். கொஞ்சம் கழித்து, "கொழந்த பொறக்குற வரைக்கும் நீ மட்டும் அவ எதுருல வர வேணாம்னு சொன்னாங்க" என்றாள். அவளைத் திட்டியதற்கு நான் மன்னிப்புக் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை. ஆனால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன்.

மறுநாள் பவித்ராவே வந்தாள். அவள் அம்மா கடைக்குப் போயிருந்த நேரம். வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசற்படிக்குக் கீழே நின்றாள்.

"அக்கா, வாய் கொப்புளிக்கவும் காய்ச்சின தண்ணிதான் வேணுமா?"

"ஆமாம்மா. பல் வெளக்கவும் அதான். பச்சத்தண்ணி ஒரு வாய்கூட வேணாம்."

"கீரை அலசுறதுக்கு?"

"வேகுறது பரவால்ல. பச்சையா சாப்புடுற வெள்ளரிக்கா, பழம் எல்லாம் காய்ச்சி ஆறின தண்ணியில கழுவு."

அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். கெட்டிக்காரப் பெண். நான் அவள் முகத்தை மட்டுமே பார்த்துப் பேசினேன். வயிற்றுப் பக்கம் கண் போகாமல் பிடித்து வைத்திருந்தேன். ரிப்போர்ட்டில் நார்மல் ஆன இந்த உடம்பு அவ்வளவுக்குத்தான் என் சொல்லைக் கேட்கிறது. அவன் இருந்திருந்தால் இந்நேரம் குப்புற விழுந்திருப்பான், தவழ்ந்திருப்பான் என்று அது தனியாக ஒரு காலண்டர் வைத்துக்கொண்டிருக்கிறது. வெளியே எல்லோருக்கும் ஓடுகிற நாளும் அந்த நாளும் ஒன்றல்ல. இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போலப் பிள்ளையை இழந்தவர்களுக்கு அவை எப்போது ஒன்றாகும் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே தெருக்கோடியில் ஒரு மோட்டார் உறுமியது. அடுத்து இன்னொன்று.

"தண்ணி வந்துடுச்சுக்கா. அம்மா வேற இல்ல, மோட்டர் போடணும்" என்று பவித்ரா வயிற்றைத் தூக்கிக்கொண்டு வேகமாகத் தெருவைக் கடந்தாள். மெதுவாகப் போ என்று கத்தினேன். அவள் வீட்டு மோட்டாரும் ஓட ஆரம்பித்தது.

அப்பா வண்டியோடு வெளியே போயிருந்தார். அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். "தண்ணி வந்துடுச்சா பாருடி" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். குழியை எட்டிப் பார்த்தேன். எங்கள் குழாயில் காற்று சீறிக்கொண்டிருந்தது. அன்று எங்கள் வீட்டு மோட்டாரை நான்தான் போட்டேன்.